“குடும்பத்தோட போகலாம்னா... நான் யாரு?” - அத்தையுடன் ஒருநாள் மாமல்லபுரம்!

“குடும்பத்தோட போகலாம்னு எழுதியிருக்கியே கண்ணு... அந்தக் குடும்பத்துல நான் சேர்த்தியா, இல்லையா?”

செங்கல்பட்டிலிருந்து போனில் அத்தை இப்படிக் கேட்டபோது சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முந்தைய நாள் என் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. சென்னையிலிருந்து குடும்பத்துடன் ஒரே நாளில் போய்வரக்கூடிய ஐந்து இடங்கள். லீவு தொடங்கினால் எல்லா டிஜிட்டல் டெஸ்க்கிலும் யாராவது ஒருவர் எழுதும் கட்டுரைதான். முதல் இடம் மாமல்லபுரம். ‘குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவரும் எளிதாகச் சுற்றிப் பார்க்கலாம்’ என்று அதில் ஒரு வரி. அப்பா அதைப் பெருமையாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, அத்தை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்.

அத்தைக்கு 58 வயது. இரண்டு வயதில் வந்த போலியோ, இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. வெளியே கிளம்பினால் சக்கர நாற்காலிதான். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறை போயிருக்கிறார், ஒரு கல்யாணத்துக்கு. மண்டபத்தைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை ஆபீஸில் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் எழுதினேன். மாமல்லபுரத்துக்கு நான் கடைசியாகப் போனது காலேஜ் டூரில். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல போட்டோ எடுத்துக்கொண்டு, பாறைமேல் ஏறி மகிஷாசுரமர்த்தினி குகை வரை தோழிகளோடு ஓடிய ஞாபகம். அந்த ஞாபகத்திலிருந்துதான் ‘எளிதாக’ என்ற சொல் வந்து விழுந்தது. ‘அனைவரும்’ என்றால் யார் யார் என்று நானும் யோசிக்கவில்லை, படித்துப் பார்த்துப் பப்ளிஷ் செய்தவர்களும் கேட்கவில்லை.

“அத்தை, வர்ற ஞாயித்துக்கிழமை நாம போறோம்” என்றேன்.

“போலாம். பாத்ரூம் எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு.”

ஐந்து இடங்களைப் பற்றி எழுதிய எனக்கு, ஓர் இடத்திலும் அதற்குப் பதில் தெரியவில்லை.

ஊட்டி 0423, மதுரை 0452

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 90-களின் தொடக்கத்தில் அவருக்கு எஸ்.டி.டி பூத் கிடைத்தது. அப்போது பி.சி.ஓ உரிமம் கொடுப்பதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, கிர்ரென்று பில் துப்பும் மெஷின்... செல்போன் வந்து கூட்டம் குறைந்து கடையை மூடும்வரை பதினேழு வருடம் அங்கேதான் இருந்தார். ஊட்டி 0423, மதுரை 0452, கொடைக்கானல் 04542, மும்பை 022. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வார். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை, அப்பாதான் கார் ஓட்டினார். சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்தோம். அத்தையின் மடியில் நீளமான ஒரு நோட்டு. பூத் காலத்து ரிஜிஸ்டர். எழுதாமல் மீதியிருந்த பக்கங்களில் இப்போது வேறு கணக்கு எழுதுகிறாராம். என்ன கணக்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

வழியில் திருக்கழுக்குன்றம். ஐந்நூறு படிகளுக்கு மேல் இருக்கும் மலைக்கோயில். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்க்கவே கூட்டம் அலைமோதுமாம். காரிலிருந்து மலையை அண்ணாந்து பார்த்தபடி அத்தை சொன்னார்: “சின்ன வயசுல வருஷத்துக்கு ஒருதடவை எல்லாரும் வருவோம். மேல போய் கழுகு பாத்துட்டு வருவாங்க. நான் கீழ பூக்கடையில. எல்லார் செருப்புக்கும் நான்தான் காவல்.”

அப்பா ஒன்றும் பேசாமல் கியரை மாற்றினார். மேலே போய்க் கழுகு பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

மணலும் பாறையும்

மாமல்லபுரத்தில் முதலில் நின்றது அர்ச்சுனன் தபசு. 1984-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இருக்கும் ஊர் இது. அதன் ஆகச் சிறந்த சிற்பத்தொகுதி எந்தக் கோட்டைக்குள்ளும் இல்லை, தெருவோரத்தில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது, படி ஏற வேண்டாம். நாற்காலியைச் சாலையோரம் நிறுத்தினால் யானைகள், கங்கை, நாகர்கள், மான்கள் எல்லாம் கண்ணுக்கு நேரே. அத்தை முக்கால் மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. என் கட்டுரையில் இதற்கு நான் கொடுத்திருந்தது ஒன்றரை வரி.

கைகளை மேலே தூக்கி ஒற்றைக்காலில் நிற்கும் அந்தத் தவசியை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். யானைக்குப் பக்கத்தில் அதே மாதிரி கைதூக்கி நிற்கும் போலித் தவப் பூனையையும், அதன் காலடியில் சுற்றும் எலிகளையும் அவரே கண்டுபிடித்தார். “ரெண்டும் ஒத்தக்கால் தவம், ஒத்தக்கால் வேஷம்னு நிக்குதுங்க. எனக்கு அந்தச் சிரமமே இல்ல பாரு” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பா பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கலாமா என்று.

அடுத்து ஐந்து ரதங்கள். முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகச் செதுக்கி உருவாக்கியவை. முடிக்கப்படாமலே நின்றுவிட்டவை. இதெல்லாம் என் கட்டுரையில் இருந்தது. ரதங்களைச் சுற்றி இருப்பது மணல் என்பது அதில் இல்லை. காலுக்கு மணல் ஒரு விஷயமே இல்லை. சக்கர நாற்காலியின் முன்னால் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்களுக்கு அது புதைகுழி. நான் தள்ளத் தள்ள நாற்காலி முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்தது.

“தள்ளாத. திருப்பு. பின்பக்கமா இழு” என்றார் அத்தை. பெரிய சக்கரம் முன்னால் போக, சின்னச் சக்கரங்களைச் சற்றே தூக்கிக்கொண்டு இழுத்தால் மணலில் போகும். அந்த வித்தை எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாசலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அண்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். முதுகைக் காட்டியபடியே திரௌபதி ரதத்தின் அருகே போய்ச் சேர்ந்தோம். நாற்காலியைத் திருப்பியதும் அத்தை சொன்னது: “நம்ம ஊரு கூரை வீடு மாதிரியே இருக்கே!” உண்மைதான். குடிசையின் கூரையைக் கல்லில் செதுக்கிய ரதம் அது. மற்ற நான்கு ரதங்களையும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டார். இழுக்கச் சொல்லவில்லை. என் தோள்பட்டை வலியை அவர் கவனித்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டில். முதல்நாளே போன் செய்து கேட்டிருந்தேன். “வீல்சேர் தாராளமா வரும் மேடம், ராம்ப் இருக்கு” என்றார்கள். இருந்தது. சறுக்குமரம் மாதிரி இருந்தது. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமென்றால் சரிவுப்பாதை குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே மூன்றடிக்குள் முடித்திருந்தார்கள். இரண்டு சர்வர்களும் அப்பாவும் சேர்ந்து நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கும்போது அத்தை கண்களை மூடிக்கொண்டார். உள்ளே டாய்லெட் கதவு, நாற்காலியைவிட நான்கு விரல் குறுகல்.

“பரவாயில்ல விடு” என்றார் அத்தை. அப்போதுதான் கவனித்தேன், அவர் டம்ளரில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. காரில் நான் நீட்டிய பாட்டிலையும் வாங்கி மடியில்தான் வைத்திருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். நுங்குகூட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு அந்த ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். தேதி, இடம், எத்தனை படி, தரை எப்படி, கதவு அகலம், பாத்ரூம், உதவி செய்தவர் என்று ஏழு கட்டங்கள். முன்பு நம்பரும் நிமிடமும் காசும் எழுதிய கட்டங்கள். ஆஸ்பத்திரிகள், ஒரு பேங்க், கல்யாண மண்டபங்கள், மூன்று கோயில்கள்... அவர் போன இடங்கள் அவ்வளவுதான். மாமல்லபுரத்துக்கு ஒரு பக்கம் முழுதாக ஒதுக்கியிருந்தார். ‘தூக்கினார்கள்’ என்று ஒரு கட்டத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

“நான் டூரிஸ்ட்டுங்க!”

சாயங்காலம் கடற்கரைக் கோயில். வாசலிலிருந்து கோயிலை நோக்கி நீளமான நடைபாதை. “கையை எடு” என்றார். கைப்பிடியை விட்டேன். அவரே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு போனார். நான் பின்னால் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது. அன்று முழுக்க அவர் யார் கையும் படாமல் போன தூரம் அது ஒன்றுதான். கோயிலை நெருங்கியதும் படிகள். அங்கேயே நிறுத்திக்கொண்டு, கடல்காற்றில் கண்களைச் சுருக்கியபடி ராஜசிம்மன் காலத்து விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போட்டோ எடுக்கக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் அவரைக் கடந்து போனது. அதிலிருந்த ஓர் அம்மா, பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டை எடுத்து அத்தையின் கையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அத்தை ஒரு நொடி அந்த நோட்டைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்து, “அம்மா, நானும் உங்கள மாதிரி டூரிஸ்ட்டுங்க. செங்கல்பட்டுலேர்ந்து வந்திருக்கேன்” என்றார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, குங்குமம் கொடுத்து, எங்களோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார். நல்ல மனுஷி. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒருவரைச் சுற்றுலாப் பயணியாக அவர் எந்தப் படத்தில் பார்த்திருப்பார்?

மறுநாள் ஆபீஸில் எங்கள் போட்டோ சேமிப்பில் தேடிப் பார்த்தேன். ‘சுற்றுலா’ என்று தேடினால் தொப்பி போட்டு முதுகு காட்டி நிற்கும் பெண், பேக்பேக் இளைஞர், அப்பா-அம்மா-இரண்டு குழந்தைகள். ‘சக்கர நாற்காலி’ என்று தேடினால் ஆஸ்பத்திரி வராண்டா, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள், உதவி உபகரணங்கள் வழங்கும் விழா. இரண்டு தேடலிலும் வரும் படம் ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். மூட்டுவலிக்காரத் தாத்தா பாட்டிகளும், இடுப்பில் குழந்தையோடு வருபவர்களும் இதில் சேர்த்தி இல்லை.

அப்படியே என் கட்டுரையை மறுபடியும் படித்தேன். இன்னொரு வரி உறுத்தியது. ‘மாசி மகத்தன்று போனால், கடற்கரையில் கூடும் இருளர் மக்களின் வண்ணமயமான காட்சிகளைப் படமெடுக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். கன்னியம்மனைக் கும்பிடவும், கல்யாணம் பண்ணவும், சொந்தங்களைப் பார்க்கவும் அவர்கள் வருடாவருடம் கூடும் கரை அது. அன்றைக்கு மற்றவர்கள்தான் அங்கே விருந்தாளிகள். நானோ அவர்களை வெண்ணெய் உருண்டைப் பாறை மாதிரி ஒரு ‘ஸ்பாட்’ ஆக்கியிருந்தேன். அதே ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்குகிறது இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாட்டின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்கு விஷம் கொடுக்கும் முக்கியமான இடம். பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. என் கட்டுரையில் அவர்களுக்கு இடமில்லை, ‘வண்ணமயமான’ என்ற சொல்லுக்கு இருந்தது.

இன்னொன்று, வெளியே தெரியாத விஷயம். இணையதளத்தில் படம் ஏற்றும்போது, அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். பார்வையற்றவர்களின் போன் அந்த வரியைத்தான் சத்தமாகப் படித்துக்காட்டும். அவசரத்தில் நான் அதை நிரப்புவதே இல்லை. அர்ச்சுனன் தபசு படத்துக்கு என் கட்டுரை அவர்களிடம் சொல்லியிருக்கக்கூடியது, ‘இமேஜ் ஒன்று’.

எடிட்டரிடம் பேசினேன். கட்டுரையைத் திருத்தச் சம்மதித்தார். கூடவே, “உங்க அத்தையைப் பத்தித் தனியா ஒரு தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதேன், நல்லா போகும்” என்றார். அதை அத்தையிடம் சொன்னேன்.

“என்னன்னு எழுதுவ? கால் இல்லாட்டியும் மலை ஏறினாங்கன்னா? எனக்கு மலை ஏற வேணாம் கண்ணு. பீச்சுல உக்காந்து பஜ்ஜி சாப்பிடணும். அதுக்கு எதுக்குத் தன்னம்பிக்கை? ஒரு பலகை போட்டா போதும்.”

அவருடைய ரிஜிஸ்டரைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது ஓர் அமெரிக்கப் புத்தகம். நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936-ல் வெளியிடத் தொடங்கிய பயணக் கையேடு அது. கறுப்பின மக்களுக்கு எந்த ஹோட்டலில் ரூம் கொடுப்பார்கள், எங்கே சாப்பாடு போடுவார்கள், எந்த பங்க்கில் பெட்ரோல் போடலாம் என்று ஊர்வாரியாகச் சொன்ன புத்தகம். ‘கிரீன் புக்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1964-ல் குடிமை உரிமைச் சட்டம் வந்து அதற்கான தேவை குறையும்வரை, முப்பது வருடம் போல அது வெளிவந்தது. மற்ற கையேடுகள் எல்லாம் என்ன பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே விடுவார்களா என்று எழுத இவருக்கு ஒரு தனிப் புத்தகம் தேவைப்பட்டது. நிறவெறியும் குறுகிய கதவும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் அத்தையின் ஏழு கட்டங்களும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

263 மீட்டர்

இரண்டு வாரம் கழித்து, அத்தையைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின்மேல் கடலை நோக்கி நீளும் மரப்பாதை. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 1.14 கோடி ரூபாய் செலவில் மாநகராட்சி அமைத்தது. முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். பிறகு எடுத்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பர் 27-ல் நிரந்தரப் பாதை திறந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்துப் போட்டது. மறுபடியும் சரிசெய்தார்கள். மெரினாவைப் பற்றி நான் இதுவரை மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் சுண்டல் உண்டு, இந்தப் பாதை இல்லை.

அன்றைக்குப் பாதை முழுக்க ஒரே கூட்டம். ஜோடிகள், செல்ஃபி எடுக்கும் பையன்கள், செருப்பில் மணல் படாமல் கடலைப் பார்க்க வந்த என் வயதுக்காரர்கள். “கொஞ்சம் வழி விடுங்க” என்று நான்கைந்து முறை கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் விட்டார்கள். ஒரு பாட்டி வாக்கரை ஊன்றி ஊன்றி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவரை முந்த வேண்டாம் என்று அத்தை மெதுவாகவே சக்கரத்தைச் சுழற்றினார்.

முனையில் நிறுத்தினோம். அலை இரைச்சலில் நாங்கள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. சாரல் மூக்குக்கண்ணாடியில் பட, அத்தை அதைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்பா மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தார். “இன்னும் ரெண்டு வாங்குடா” என்று அக்கா தம்பியை விரட்ட, 54 வயதுத் தம்பி மணலில் ஓடினார்.

பஜ்ஜி காரம். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அத்தை கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பாத்ரூம் எங்கன்னு விசாரிச்சியா? நாற்காலி உள்ள போகுமா?”

“இருங்க அத்தை. பாத்துட்டு வந்துடறேன்.”

கைப்பையிலிருந்து டெய்லர் டேப்பை எடுத்து நீட்டினார். “கதவை அளந்துட்டு வா. 27 இன்ச்சுக்குக் கொறைஞ்சா எனக்கு ஆகாது.”